வளைகோட்டுக்கு மேலே நின்ற பட்டை

இன்று மதியம் ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு வகுப்பு. செட்டிகுளத்திலிருந்து வரும் ஒரு பெண், தன் அப்பா வயலில் எடுத்த சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாக நிறுத்து, அந்த எண்களைக் கணினியில் ஏற்றியிருந்தாள். ஹிஸ்டோகிராம் வந்தது. எந்த எடையில் எத்தனை வெங்காயமோ அத்தனை உயரத்துக்குப் பட்டைகள் வரிசையாக எழுந்து நின்றன. நான் பக்கத்தில் போவதற்குள் அவள் மெனுவைத் திறந்து ‘நார்மல்’ என்பதைச் சொடுக்கிவிட்டாள். பட்டைகளின் மேல் சிவப்பாக ஒரு வளைகோடு வந்து விழுந்தது.

“சூப்பரா உக்காந்துடுச்சு மேம்.”

“அதுவா உக்காந்துச்சா, நீ உக்கார வச்சியா?”

கேட்டது என் வாய்தான். ஆனால் கேள்வி உன்னுடையது. ‘வச்சியா’வில் வருகிற அந்த இழுப்புகூட உன்னுடையது. அந்தப் பெண் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் போய்ச் சிறிது நேரம் நின்றேன். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு சேதி என்னிடம் இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும் என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

பெரம்பலூர்க் கல்லூரியில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ புள்ளியியல்; நான் கணினி ஆய்வகப் பொறுப்பு. நான் லெப்பைக்குடிகாட்டிலிருந்து வருவேன். நீ வாரம் முழுக்கப் பெரம்பலூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமையானால் அரியலூர் பஸ்ஸைப் பிடித்து அம்மாவிடம் போய்விடுவாய். எனக்கு மென்பொருள் தெரியும், உள்ளே ஓடுகிற கணக்கு பாதிதான் தெரியும். உனக்குக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு, ஆனால் திரையில் புதிதாக ஒரு பெட்டி திறந்தால் போதும், பக்கத்து அறைவரை கேட்கும்படி கத்துவாய்: “மும்தாசு, இது என்னமோ கேக்குதுடி, வந்து பாரு!” பிள்ளைகளெல்லாம் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய்.

உன் ஊரை நான் முதலில் பார்த்தது ஒரு பொங்கலுக்கு மறுநாள். அரியலூரைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகும் சாலை. சாலைக்கு ஒரு பக்கம் உங்கள் தெரு, மறுபக்கம் பள்ளிக்கூடம். நடுவில் டிப்பர் லாரிகள். வேலியோரச் செடிகள் எல்லாம் மாவு தூவியது போல வெளுத்திருந்தன. உன் அம்மா அந்தப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். அன்று நமக்குச் சோறு போட்டபடியே, “பாப்பா, ரோட்ட தாண்டறப்ப இவ கையப் புடிச்சிக்க. நீ டவுன்காரி, உனக்கு இந்த லாரி பழக்கமில்ல” என்று என்னிடம் சொன்னார். நாம் இருவரும் கைகோத்துச் சாலையைக் கடந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. உனக்கு அதில் கூச்சமே இல்லை.

பவித்ராவுக்கு அடிபட்டது அதற்கு அடுத்த ஆண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, உன் அம்மாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. காலையில் பள்ளிக்கு வரும்போது லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். உன் அம்மாதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தச் சேலையை அவர் பிறகு உடுத்தவே இல்லை என்று நீ சொன்னாய்.

ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். வேகத்தடை வேண்டும், பள்ளி நேரத்தில் லாரி வரக் கூடாது என்று. சில வாரங்களில் நெடுஞ்சாலைத் துறையின் அறிக்கை பதிலாக வந்தது. அதை உன் அம்மா கைப்பேசியில் படமெடுத்து அனுப்ப, ஆய்வகத்தில் என் திரையில் பெரிதாக்கிப் படித்தோம். வாகனங்களுக்கு இடைப்பட்ட நேரம் அளக்கப்பட்டது; சராசரி இடைவெளி, ஒரு குழந்தை சாலையைக் கடக்கத் தேவையான நேரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது; ஆகவே போதுமானது. அதன் கீழே, விபத்தைப் பற்றி ஒரு வரி: ‘சிறுமி கவனக்குறைவாகக் கடந்ததே காரணம்.’ கடைசிப் பக்கத்தில் ஒரு ஹிஸ்டோகிராம், அதன் மேல் மணி வடிவத்தில் ஒரு வளைகோடு.

நீ அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

“இந்த மணிய யாருடி இங்க கொண்டாந்து தொங்கவிட்டது?” என்றாய். “பட்டையெல்லாம் இடது பக்கம் கூடி நிக்குது. கோடு நடுவுல நிக்குது. அது மட்டுமா, இங்க பாரு, கோடு பூஜ்யத்தத் தாண்டி அந்தாண்ட போகுது. அப்படின்னா என்ன அர்த்தம்? முன்னாடி போற லாரி வர்றதுக்கு முன்னாடியே பின்னாடி லாரி வந்துடும்னு அர்த்தம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை.

“சராசரி நல்லாத்தான் இருக்கு. சராசரியா ரோட்ட தாண்டப் போகுது? புள்ளைங்கதான் தாண்டணும். எத்தன எடவெளி சின்னதா இருக்குன்னு பாக்கணும். இந்தக் கோட்ட போட்டுட்டா அது தெரியாது.”

அன்று சாயங்காலமே என்னைச் செயலி ஒன்று செய்யச் சொன்னாய். லாரி ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போது திரையைத் தொட வேண்டும். கைப்பேசி அந்த நொடியைக் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். நமக்கிருந்த விடுப்பையெல்லாம் எடுத்தோம். பள்ளி நேரத்து எண்கள்தான் வேண்டும் என்பதால் காலையிலும் மாலையிலும் பள்ளிக்கு எதிரே உட்கார்ந்தோம். நீ ஒரு ஸ்டூல், நான் ஒரு ஸ்டூல். வாயில் துப்பட்டாவைக் கட்டியும் நாக்கில் சுண்ணாம்பு கரித்தது. ஒருமுறை லாரி ஒன்று ஓரமாக நின்று, ஓட்டுநர் தலையை நீட்டிக் கேட்டார்:

“என்னம்மா, வண்டி நம்பர் எழுதறீங்களா? எங்க மேல கேசு போடப் போறீங்களா?”

“நம்பரே வேணாம்ண்ணே. நேரம் மட்டுந்தான் எடுக்கறோம்” என்றாய் நீ.

“நேரத்த வச்சி என்ன பண்ணுவீங்க?”

“படம் போடுவோம்ண்ணே.”

அவர் நம்பாமல் பார்த்துவிட்டுப் போனார்.

எண்கள் போதும் என்று நீ சொன்ன நாளில், ஆய்வகத்தில் நான் ஹிஸ்டோகிராமைப் போட்டேன். பட்டைகளின் அகலத்தை மாற்றி மாற்றிப் போடச் சொன்னாய். அகலமாகப் போட்டால் எல்லாம் ஒன்றாகக் குழைந்தது. மெல்லியதாகப் போட்டால் சீப்பின் பல் மாதிரி ஆனது. நடுவில் ஓர் அகலத்தில் நிறுத்தினாய். முதலில் நார்மலை, அந்த மணிக் கோட்டை, ஏற்றிப் பார்த்தோம். பொருந்தவில்லை, அது பொருந்தாது என்று தெரிந்தேதான் ஏற்றினோம். அடுத்து எக்ஸ்பொனென்ஷியல். இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி, மலையிலிருந்து இறங்கும் சாலை போல வலப்பக்கம் சரிந்து போகிற கோடு. எதேச்சையாக, ஒன்றையொன்று பாராமல் வருகிற வண்டிகளுக்கு அந்தக் கோடுதான் வரும் என்று எனக்கு விளக்கினாய். வந்த கோடு கிட்டத்தட்ட எல்லாப் பட்டைகளின் தலையையும் தொட்டுக்கொண்டு போனது.

நான் கை தட்டினேன். “முடிஞ்சுதுடி! இத எடுத்துக்கிட்டுப் போயி காட்டுவோம்.”

நீ நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகில் வந்தாய். விரலை முதல் பட்டையின் மேல் வைத்தாய். அது மட்டும் கோட்டை மீறி, அதைப் போல இன்னொரு பங்கு உயரத்துக்கு மேலே நின்றது.

“இது ஏன் நிக்குது?”

“ஒரு பட்டைதானடி. மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு.”

“நல்லா இருக்கறது வேற, பொருந்தறது வேற. இந்தப் பட்டைதான் ரொம்பச் சின்ன எடவெளி. ஒரு லாரி போனதும் அடுத்த லாரி. எதேச்சையா வந்தா இத்தன வராது. யாரோ சேத்து அனுப்பறாங்க.”

மறுநாள் சாலையோடு சுரங்கம் வரை நடந்தோம். எடைமேடைக்கு முன்னால் ஒரு வாயில். லாரிகள் ஒவ்வொன்றாக எடை போட்டு உள்ளேயே வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் டீ குடித்தார்கள். சீட்டுச் சரிபார்ப்பவர் வந்து கையசைத்ததும் வாயில் திறந்தது, நின்றவை அத்தனையும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல் வெளியே வந்தன. முதல் லாரி போனது தெரிந்தது. அது கிளப்பிய புழுதிக்குள் இரண்டாவது லாரி எங்கே இருக்கிறது என்று, சாலையோரம் நின்ற நமக்கே தெரியவில்லை. தெரிந்தபோது அது நம்மைத் தாண்டிக்கொண்டிருந்தது.

நீ என் முழங்கையைப் பிடித்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: “பவித்ரா பாக்காம ஓடலடி. ஒரு லாரி போறவரைக்கும் நின்னுட்டுத்தான் கால வச்சிருக்கா. அந்தப் பட்ட இருக்கே, அது முழுக்க ரெண்டாவது லாரி.”

அன்றிலிருந்து உனக்கு வேண்டியது இரண்டாகிவிட்டது. லாரிகளை ஒழுங்குபடுத்த வேண்டும். அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும்.

அதே மாதம்தான் உன் மார்பில் கட்டி இருப்பதைத் திருச்சியில் உறுதி செய்தார்கள். நீ என்னிடம் சொன்ன விதம் எனக்கு இன்றும் ஆறவில்லை. கேன்டீனில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, வகுப்பு மாற்றிக் கேட்பது போலச் சொன்னாய்: “எனக்கு செவ்வாக்கிழமையெல்லாம் திருச்சி போகணும். நீ என் கிளாஸ எடுத்துக்க. திங்கக்கிழமையில தொட்டுடாத, அது குறைதீர் கூட்டத்துக்கு வேணும்.” நான் அழுதேன். “அழுது முடிச்சிட்டு அந்தப் படத்துல எழுத்த பெருசாக்கி வை. பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாது” என்றாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுபோனது. நீ எதிர்பார்த்தது அதுதானோ என்னவோ.

அரியலூரில் அந்தக் கூட்டத்துக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாய். உன் அம்மாவும் பவித்ராவின் அம்மாவும் வந்திருந்தார்கள். முறை வரும்வரை நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் நான் மடிக்கணினியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீ பேசினாய். அதிகாரிகள் வரிசையில் அறிக்கையை எழுதிய உதவிப் பொறியாளரும் இருந்தார். நம் வயதுதான். கெட்ட மனிதர் இல்லை. “மேடம், சாப்ட்வேர்ல போட்டா முதல்ல இந்தக் கோடுதான் வருது. அத அப்படியே வச்சிட்டோம்” என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“நீங்க எண்ணுனது எல்லாம் வெயில் நாளு. மழைக்காலத்துல லோடு கம்மி. புழுதியும் இருக்காது. அப்ப இந்தப் பட்ட நிக்குமா? ஒரு மாசத்துக் கணக்க வச்சி வருஷம் பூரா ஏற்பாடு பண்ண முடியுங்களா?”

நியாயமான கேள்வி. நீ தயங்கவே இல்லை.

“சரிங்க சார். மழைநாளும் எண்ணித் தரேன்.”

வெளியே வந்ததும் நான் உன்னைத் திட்டினேன். உடம்பு இருக்கிற இருப்பில் மழையில் உட்காரப் போகிறாயா என்று கேட்டேன். “அவரு கேட்டது சரியாத்தானடி கேட்டாரு. சரியா கேட்டா பதில் சொல்லித்தான ஆகணும்” என்றாய்.

ஐப்பசியில் உட்கார்ந்தோம். உன் அம்மா பள்ளிச் சமையல் கூடத்தின் வாசலில் நாற்காலி போட்டு, உன் கால்களில் சாக்கைச் சுற்றிவிட்டார். சில நாள் உன்னால் முடியாது. அப்போது நான் மட்டும் உட்காருவேன். அடுப்பிலிருந்து சாம்பார் கொதிக்கும் வாசனை வரும்; உனக்கு அப்போது எந்த வாசனையும் ஆகாது, மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் திரையைத் தொடுவாய். உன் அம்மா ஒருமுறை என்னைத் தனியாக அழைத்து, “நீயாச்சும் சொல்லு மும்தாசு. வூட்ல படுத்திருன்னா கேக்க மாட்டேங்கறா” என்றார். நான் வந்து உன்னிடம் சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், “படுத்தா வலி மட்டும்தான் இருக்கும். இங்க லாரியும் இருக்கு” என்றாய். அதை உன் அம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது? அவள் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்புக்குப் போனார்.

மழைநாள் எண்களின் மேல் கோட்டை ஏற்றியபோது நீ திருச்சியில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாய். மடிக்கணினியை உன் மடியில் வைத்தேன். லாரிகள் குறைந்திருந்தன. கோடு முன்னைவிடத் தாழ்வாக, நீளமாக இழுத்துக்கொண்டு போனது. முதல் பட்டை மட்டும் கோட்டுக்கு மேலே அப்படியே நின்றது. எத்தனை லாரி வந்தாலும் வாயில் ஒன்றுதானே, சேர்த்துத்தானே விடுகிறார்கள். புழுதிக்குப் பதில் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து, ஏதோ நல்ல சேதி வந்திருக்கிறது என்று நினைத்த செவிலியர், “என்னங்க விசேஷம்?” என்று கேட்டார். “பட்ட நின்னுடுச்சுங்க” என்று நீ சொல்ல, அவர் ஒன்றும் புரியாமல் ஊசியைத் தயார்செய்தார்.

பொறியாளர் கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. இரண்டு படங்களையும் பார்த்தார், எடைமேடைக்கு அவரே போய் நின்று பார்த்தார். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாயிலைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. மற்ற நேரத்தில் ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு அனுப்ப ஓர் ஆள். பள்ளிக்கு முன்னால் வேகத்தடை. முதல் நாள் காலை பிள்ளைகள் காலியான சாலையைக் கடக்கும் வீடியோவை உன் அம்மா அனுப்பினார். பழக்கம் விடாமல் எல்லாரும் ஓடித்தான் கடந்தார்கள். நீ அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாய்.

பிறகு கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: “அந்த வரி இன்னும் நிக்குதுடி.”

அந்த வரியை மாற்ற உனக்கு நாள் இல்லாமல் போய்விட்டது. தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். உன் ஊருக்கு நான் வந்து சேர்ந்தபோது தெருவில் கூட்டம் நிறைந்திருந்தது. என் அம்மாவும் கூட வந்தாள். ஒரு மூலையில் நின்று உதடு மட்டும் அசைய உனக்காக துஆ செய்தாள். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “போயிட்டாளே மும்தாசு, ஒன்னுமே சொல்லாம போயிட்டாளே” என்று அரற்றினார். காரியங்கள் முடிந்ததும் அவர் பள்ளிக்கூட அடுப்புக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்றார்.

நீ சொல்லாமல் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தாய்.

உனக்குத் தெரியும், நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. மாணவிகள் முன் பேசுவேன். அதிகாரி முன் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனுவை நான் எழுதினேன். ஓர் அலுவலகத்தில் இது எங்கள் வேலையில்லை என்றார்கள். இன்னொன்றில், விபத்து முடிந்துபோன விஷயம், இழப்பீடா கேட்கிறீர்கள் என்றார்கள். இல்லை, ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றேன். “ஒரு வரிக்காகவா இவ்ளோ தூரம் வரீங்க?” என்று ஒருவர் உண்மையாகவே வியந்து கேட்டார். மூன்றாவது இடத்தில் மனுவைப் படிக்காமலே முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அரியலூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, இனி வரப்போவதில்லை என்று முடிவு செய்தேன். பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறவில்லை. எழுந்து, அந்தப் பொறியாளர் இருக்கும் அலுவலகத்துக்கு நடந்தேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நீ போய்விட்டதைக் கேள்விப்பட்டிருந்தார். எழுந்து நின்று, “அவங்களுக்கு ஒரு ரிப்போர்ட் காப்பி அனுப்பணும்னு இருந்தேன்” என்றார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். படம் திறந்ததும் பேச்சு வந்துவிட்டது. அதெல்லாம் உன் பேச்சு. கோடு சொல்வது இது, பட்டை சொல்வது இது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இந்த உயரம் முழுக்க இரண்டாவது லாரி என்றேன்.

“இந்தப் படத்த வச்சித்தான சார் வாயில் தொறக்கற நேரத்த மாத்துனீங்க? அப்ப வாயிலுதான காரணம்? அந்தப் புள்ள கவனக்குறைவுன்னு எழுதுனது மட்டும் எப்படி சார் அப்படியே இருக்கும்? ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கு.”

அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். “அத எழுதுனது நான்தான் மேடம்” என்றார். “அடிபட்ட புள்ளய நான் பாக்கல. வண்டிக்காரர் சொன்னத எழுதுனேன்.”

“இப்ப பாக்கலாம் சார். பக்கத்துலதான் ஊரு.”

மேலிடத்தில் ஒப்புதல் வாங்க அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. நான் விடாமல் போய் வந்தேன். அலுவலக உதவியாளர் என்னைக் கண்டதுமே நாற்காலியை இழுத்துப் போடும் அளவுக்கு. போன வாரம் பொறியாளர் அழைத்தார். பழைய வரி நீக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில், அடுத்தடுத்துச் சேர்த்து அனுப்பப்பட்ட வாகனங்களில் முன்சென்ற வாகனத்தின் புழுதி இரண்டாவது வாகனத்தை மறைத்ததே விபத்துக்குக் காரணம், சிறுமியின் மேல் தவறில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. தாளை அவரே எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தார்.

இதுதான் உனக்குச் சொல்ல வேண்டிய சேதி.

உன் அம்மாவின் வீட்டு வாசலில் வைத்துப் படித்தார். பவித்ரா இப்போது ஆறாம் வகுப்பு. நடக்கும்போது ஒரு கால் லேசாக இழுக்கும். சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இத்தனை காலமும் சொந்தக்காரர்கள் முதற்கொண்டு எல்லாரும் அவரிடம், ‘புள்ளைக்கு ரோட்ட பாத்துத் தாண்டச் சொல்லிக் குடுக்கலையா’ என்றுதானே கேட்டார்கள். படித்து முடித்ததும் பொறியாளர் பவித்ராவைப் பார்த்து, “புரிஞ்சுதாம்மா?” என்றார்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் அவள். “நான் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். கேட்டாத்தான சொல்லுவேன்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் எல்லோரும்தான். யோசித்துப் பார், நாம் ஸ்டூல் போட்டு, வெயிலில் எண்ணி, மழையில் எண்ணி, கோடு ஏற்றி, வாயில்வரை நடந்து கண்டுபிடித்ததை அந்தப் பிள்ளை கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டே அறிந்திருக்கிறாள். நாமும் அவளிடம் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்வாய் என்று தெருமுனை வரை யோசித்துக்கொண்டே வந்தேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். பிறகு, கேட்டிருந்தாலும் அவள் சொல்லை அந்தத் தாளில் ஏற்றியிருக்க மாட்டார்கள், பட்டைதான் ஏற்றியது என்று சொல்லியிருப்பாய். இரண்டும் உண்மைதான்.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று கேட்டால், கணக்கு என்று சொல்ல மாட்டேன். கணக்கு இன்னும் எனக்குப் பாதிதான் தெரியும். கோடு எங்கே பொருந்தவில்லையோ அங்கே விரலை வைத்து, இது ஏன் நிற்கிறது என்று கேட்கிற பிடிவாதம் வந்து ஒட்டிக்கொண்டது. அதிகாரி முன் நாக்கு ஒட்டுவதும் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை.

தா.பழூர் பக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை போன மாதம் என்னைத் தேடி வந்தார். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் அவர்கள் பள்ளியை ஒட்டிப் போகின்றன. உங்கள் ஊர் விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார். “அங்க பண்ணுன மாதிரியே இங்கயும் ஒரு படம் போட்டுக் குடுத்துடுங்க” என்றார். அதே மாதிரி இருக்காதுங்க என்றேன். அங்கே எடைமேடை இல்லை, வாயில் இல்லை. வண்டிகள் எப்படி வருகின்றன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதலில் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஸ்டூல் மட்டும் இரண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அடுப்பைச் சமையல் உதவியாளர் பார்த்துக்கொள்வாராம். திரையைத் தொட அவருக்கும் பழகிவிட்டது.

என்ன கோடு வரும் என்று இப்போது சொல்வதற்கில்லை. திங்கள்கிழமை காலைப் பஸ்ஸில் கிளம்புகிறோம்.